பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்

என் மேசைமேல் ஓர் எவர்சில்வர் தாம்பாளம் இருக்கிறது. கல்யாண வீட்டில் வெற்றிலை பாக்கு வைப்பார்களே, அதே தாம்பாளம். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துத் தட்சிணை போட வேண்டுமோ என்று தயங்குவதுண்டு. ஒரு பர்மியப் பாட்டி உண்மையிலேயே ஒரு நோட்டை மடித்து அதில் வைத்துவிட்டுக் கும்பிட்டார். அது காசுக்காக வைத்ததல்ல. வீட்டில் இருக்கும் மாத்திரை, டானிக், பொடி, தைலம் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்து அந்தத் தாம்பாளத்தில் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். என்னிடம் வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்கு இருக்கும் ஒரே நிபந்தனை இதுதான்.

ரங்கூனில், தாம்வே பக்கம் ஒரு சந்தில் மாலை ஐந்து மணி முதல் ஒன்பது மணி வரை உட்காருகிறேன். (1989இல் அரசாங்கம் யாங்கோன் என்று மாற்றிவிட்டது. எங்கள் வீடுகளில் இன்னும் ரங்கூன்தான்.) பெரிய நோய் எதுவும் என் கதவைத் தட்டுவதில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, வாய்வு, இருமல், மழைக்காலத்தில் காய்ச்சல். முப்பது வருடமாகத் தினமும் இதையேதான் பார்க்கிறேன். பர்மியர்கள் என்னை ஸயாமா என்பார்கள், நம்மவர்கள் டாக்டரம்மா என்பார்கள், கொஞ்சம் வயதானவர்கள் "ஏம்மா" என்றே முடித்துவிடுவார்கள். படித்து முடித்துப் பல வருடம் கழித்துத்தான் இந்தத் தாம்பாளம் மேசைக்கு வந்தது. அது வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் சந்தின் முனையில் ஒரு பெரியம்மா இட்டிலிக் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் வீட்டு வாசலில் இரண்டு அடுப்பு, நான்கு பிளாஸ்டிக் முக்காலி. தோசைக்குப் பர்மியர்கள் வரிசையில் நிற்பார்கள், 'தோஷே' என்று அவர்கள் மொழியிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு தை மாதம் அவர் முதன்முதலாக என்னிடம் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். அதிகத் தாகம், இரவில் நான்கைந்து முறை எழுந்து போகிறார். சர்க்கரை பார்த்தால் மாலை நேரத்தில் 320. மறுநாள் காலை வெறும் வயிற்றில் வரச் சொன்னேன்: 138.

இந்த இரண்டு எண்களை இப்போது எழுதும்போதுகூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காலையில் அவ்வளவு மோசமில்லை, சாப்பிட்ட பிறகு மட்டும் ஏறு ஏறென்று ஏறுகிறது. ஏன் என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. மெட்ஃபார்மின் 500 எழுதினேன், சாப்பாட்டோடு சாப்பிடுங்கள் என்றேன், இரண்டு வாரத்தில் 1000 ஆக்கினேன். மாசியில் வந்தார், மாலைச் சர்க்கரை 290. இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு 5 சேர்த்தேன். பங்குனியில் அதையும் இரட்டிப்பாக்கினேன். சர்க்கரை இறங்க இறங்க எனக்குத் திருப்தி.

அவர் முகம் வட்டமாகிக்கொண்டே வந்தது. "கடை நன்றாக ஓடுகிறது போலிருக்கிறதே பெரியம்மா, உடம்பு பூசினாற்போல் இருக்கிறீர்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் நான்தான். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். முன்கையில் இரண்டு ஊதா நிறத் திட்டுகள் இருந்தன. இட்டிலிக் கொப்பரை பட்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருந்ததையும் கண் பார்த்தது. பார்த்தது எதுவும் மனதில் ஒன்று சேரவில்லை. "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று முதல் நாளே கேட்டேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "ஒன்றும் இல்லையம்மா" என்றார். கேட்டாகிவிட்டது, எழுதியாகிவிட்டது.

பிறகு திங்ஜான் வந்தது. ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டு, தண்ணீர்த் திருவிழா. நம் சித்திரைப் பிறப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும். அந்த நாட்களில் ரங்கூனில் கடை கண்ணி எல்லாம் அடைத்துவிடுவார்கள். முன்னும் பின்னும் சேர்த்தால் ஒரு வாரம், சில கடைகள் பத்து நாள். டாக்டர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். நான் போவதில்லை, எனக்குப் போக ஊர் இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சைக்காவில் வைத்துப் பெரியம்மாவை அவர் மகன் கொண்டுவந்தான். சைக்கா என்பது இங்குள்ள மூன்று சக்கர வண்டி. ஓட்டுகிறவரின் பக்கத்திலேயே இரண்டு பேர் முதுகோடு முதுகாக உட்காரலாம். மகன் முன்னால் உட்கார்ந்து, பின்னால் சாய்ந்திருந்த தாயைக் கையைத் திருப்பிப் பிடித்தபடி வந்திருக்கிறான். தெருவெல்லாம் பீப்பாய் வைத்துத் தண்ணீர் அடிக்கிறார்கள், இவர்கள் கத்தினாலும் பாட்டுச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தாயும் மகனும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். பெரியம்மாவின் சேலையை நாங்கள் பிழிந்த தண்ணீர் கிளினிக் தரையில் ஓடியது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை.

விரலில் குத்திப் பார்த்தேன். 38.

சர்க்கரை இப்படி மிகத் தாழ்ந்துபோவது பழகிய சங்கதிதான். நரம்பில் ஊசி போட்டு 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைநீரை ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் மகனைப் பார்த்து, "அடுப்பை அணைத்தாயா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். கிளிபென்கிளமைடு நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து, ஒரு நாள் வரைகூடச் சர்க்கரையைத் திரும்பத் திரும்ப இழுத்துக் கீழே தள்ளும், அதனால் எப்படியும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று சீட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் ரத்த அழுத்தம் பார்த்தால் 80க்கு 50. சர்க்கரை ஏறிய பிறகும் அழுத்தம் ஏறவில்லை. குமட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து நிற்கவே தெம்பில்லை என்றான் மகன். சாப்பிடாமலே சர்க்கரை மாத்திரையை மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார், டாக்டரம்மா சொன்னதாயிற்றே.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "வீட்டுக்கு ஓடு. அம்மா சாப்பிடுகிற எல்லாவற்றையும், குப்பையில் கிடந்தாலும் சரி, ஒரு பையில் போட்டுக் கொண்டு வா."

அவன் கொண்டுவந்த பையை என் மேசையில் கவிழ்த்தேன். நான் எழுதிக் கொடுத்த அட்டைகள், ஒரு தைல பாட்டில், காகிதத்தில் மடித்த கோயில் திருநீறு, பத்துப் பதினைந்து காலி பிளாஸ்டிக் பொட்டலங்கள். ஒரே ஒரு பொட்டலம் மட்டும் பிரிக்காமல் இருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பெயர் இல்லை, தேதி இல்லை. உள்ளே ஐந்து மாத்திரை. இந்த ஊரில் பலரும் அறிந்த பொட்டலம் அது: மருந்துக் கடையில் போய் "மூட்டு வலி" என்றால் ஒரு வேளைக்கு உரியதைக் கலந்து பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பார்கள். ஒன்று வைட்டமின், ஒன்று வலி மாத்திரை, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று தூக்கத்துக்கு. ஐந்தாவது மட்டும் தகட்டோடு வெட்டிப் போடப்பட்டிருந்தது. வெட்டிய ஓரத்தில் பெயரின் வால் தெரிந்தது: 'சோன்'.

டெக்ஸாமெத்தசோன். ஸ்டீராய்டு.

"எத்தனை நாளாகச் சாப்பிடுகிறார்?"

"தீபாவளியிலிருந்து, டாக்டரம்மா. காலையில் ஒன்று. அதைச் சாப்பிட்டால்தான் அடுப்பு முன்னால் நிற்க முடியும். திங்ஜானுக்கு மருந்துக் கடையை மூடிவிட்டார்கள். ஐந்து நாளாக இல்லை. இதைக் கடைசி அவசரத்துக்கென்று வைத்திருந்தார்."

இப்போது எல்லாம் ஒன்று சேர்ந்தது. வட்ட முகம், ஊதாத் திட்டு, மெலிந்த கால், மாலையில் மட்டும் ஏறும் சர்க்கரை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாதக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர்கள் யாராக இருந்தாலும் திடீரென்று நிறுத்தினால் ஆபத்துதான். வரத்தும் நின்று, உள்ளூர் உற்பத்தியும் இல்லாமல் அழுத்தம் விழும், சர்க்கரை விழும், வாந்தி வரும். பெரியம்மாவுக்கோ ஸ்டீராய்டு ஏற்றிவிட்ட சர்க்கரையை இறக்க நான் மருந்துக்கு மேல் மருந்து கொடுத்திருந்தேன். ஏற்றியவன் திருவிழாவுக்குக் கடையை அடைத்துவிட்டுப் போய்விட்டான், இறக்குகிறவள் மட்டும் கடமை தவறாமல் இறக்கிக்கொண்டிருந்தாள்.

ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை 100 மில்லிகிராம் நரம்பில் போட்டு, உப்புநீர் பாட்டில் ஒன்றை மகன் கையில் உயர்த்திப் பிடிக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். ஆறு நாளில் வீடு திரும்பினார்.

திரும்பியதும் நான் போய்ப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். "முதல் நாளே கேட்டேனே பெரியம்மா, வேறு மருந்து உண்டா என்று?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ சர்க்கரைக்குத்தானே பார்க்கிறாய். அது மூட்டுக்கு. அதுவும் மருந்தில்லையம்மா, வலிப் பொட்டலம்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவர் கணக்கில் அவர் பொய்யே சொல்லவில்லை. டாக்டர் எழுதித் தருவது மருந்து. கடையில் வாங்குவது, கோயிலில் தருவது, பக்கத்து வீட்டு அக்கா கொடுப்பது எல்லாம் வேறு கணக்கு. அதனால் இப்போதெல்லாம் "வேறு மருந்து உண்டா?" என்று நான் கேட்பதே இல்லை. முட்டி வலித்தால் என்ன செய்வீர்கள்? தூக்கம் வராவிட்டால்? வயிறு போகாவிட்டால்? அடுப்படியில் கையெட்டும் இடத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்? இப்படி ஒவ்வொன்றாகத்தான் கேட்கிறேன். கேட்டது போதாதென்று தாம்பாளமும்.

கடைக்காரரைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் அந்தப் பொட்டலத்தின் விலை டீக்கடையில் ஒரு டீயின் விலை. நான் எழுதும் மருந்தின் விலை அதுபோல் பல மடங்கு. விடியற்காலை நான்கு மணிக்கு மாவு கரைத்து, பத்து மணி வரை நிற்க வேண்டிய பெண்ணுக்கு முட்டி வலியைச் சட்டென்று நிறுத்துகிறவன்தான் டாக்டர். ஸ்டீராய்டு அமெரிக்காவில் பெரிய டாக்டர்களையே மயக்கிய அற்புதம். 1948இல் மாயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்பவர் முடக்குவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார், சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். முகம் வீங்குவதும் எலும்பு நொறுங்குவதும் போகப் போகத்தான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. கொரோனாவில் ஆக்ஸிஜன் வைக்கும் நிலைக்குப் போனவர்கள் பலரைக் காப்பாற்றியதும் இதே டெக்ஸாமெத்தசோன்தான். மருந்து நல்ல மருந்து. பெயரை வெட்டி எறிந்துவிட்டுக் கொடுத்ததுதான் கொடுமை.

பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டை முழுக்க நிறுத்த ஏழு மாதம் பிடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம், அரை மாத்திரை, கால் மாத்திரை. சர்க்கரை தானாகவே இறங்கியது. இப்போது மெட்ஃபார்மின் 500 மட்டும், இரண்டு வேளை. முட்டிக்கு உட்கார்ந்து சுட உயரமான முக்காலி ஒன்று செய்து கொடுத்தார் தச்சர். என்னுடைய எந்த மாத்திரையையும்விட அந்த முக்காலிதான் அதிகம் உதவியது என்று பெரியம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

தாம்பாளத்துக்கு வருகிறேன். அது வந்த பிறகு எனக்குத் துப்பறிகிறவள் புத்தி வந்துவிட்டது. கோயிலில் வெள்ளிக்கிழமை பஜனை பாடும் தாத்தா ஒருவரைப் பேத்தி அழைத்து வந்தாள். இரண்டு மாதமாக வறட்டு இருமல். இரவில் தொண்டையில் மயிலிறகால் வருடுகிற மாதிரி அரிக்கிறதாம். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் ஆகிவிட்டது. இந்த நாட்டில் இருமல் என்றால் முதலில் நெஞ்சில் குத்துவது காசநோய்தான், அந்தப் பயம் நியாயமானதும்கூட. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்காமல் வேறு பேச்சுக்கு இடமில்லை. சோதித்திருந்தார்கள். கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். இருந்தும் தட்டு தனியாகத்தான் இருந்தது.

பேத்தி பையைக் கவிழ்த்தாள். எனலாப்ரில் 5. வேறோர் இடத்தில் ரத்த அழுத்தத்துக்காக எழுதிக் கொடுத்தது, அட்டையில் தேதி பார்த்தால் இரண்டரை மாதம். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, ஆனால் சிலருக்கு இந்த அரிப்பு இருமலைக் கொண்டுவரும். எத்தனை இருமல் மருந்து குடித்தாலும் போகாது, மாத்திரையை மாற்றினால்தான் போகும். லோசார்டான் எழுதினேன். மூன்றாவது வாரம் பேத்தி தனியாக வந்தாள். "தாத்தாவுக்கு என்ன ஆயிற்று?" என்றேன். "இன்று வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா" என்றாள்.

ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினும் இப்படித்தான். கணுக்கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று ஒரு வீடே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்தது. சிறுநீரைச் சோதித்து, ரத்தம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்க, மாத்திரையின் அளவைப் பாதியாக்கியதும் வீக்கம் வடிந்தது. டெங்கு நாட்களில் பையில் இருக்கக்கூடாதது இபுப்ரூஃபனும் ஆஸ்பிரினும், பாராசிட்டமால் போதும். காய்ச்சல் விட்டதும் பிள்ளை குணமாகிவிட்டான் என்று கொண்டாடாதீர்கள், டெங்குவில் காய்ச்சல் விடுகிற அந்த ஓரிரண்டு நாள்தான் மோசம். காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசினின் நிறம், வேறொன்றுமில்லை. மாத்திரை உள்ளே போயிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

பையில் வராத மருந்து ஒன்று உண்டு, அது உப்பு. ரத்த அழுத்தக்காரரிடம் "உப்பைக் குறையுங்கள்" என்றால் "நான் உப்பே போடுவதில்லை" என்பார். சத்தியமாகப் போடுவதில்லை. மீன் சாறு ஊற்றுகிறார், ஙாப்பி என்ற புளித்த மீன் விழுது வைத்துக்கொள்கிறார், லப்பெட் என்ற ஊறவைத்த தேயிலை தின்கிறார், குழம்பில் அஜினமோட்டோவும் ஒரு சிட்டிகை. அஜினமோட்டோவில் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு சோடியம் உண்டு. நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு இங்கே காலையில் குடிக்கும் மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது என் சந்தேகம். ஆகவே உப்பைப் பற்றி நான் கேட்பதில்லை. "மீன் சாறு மாதத்துக்கு எத்தனை பாட்டில்? வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்கிறேன். ஒருவர் மூன்று பாட்டில் என்றார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். இப்போது ஒரு பாட்டில், மாத்திரையும் ஒன்று குறைந்திருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு கைக்குழந்தை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பகோ பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு தமிழ்ப் பெண், தலைப்பிரசவம், இரண்டரை மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமியாரோடு வந்தாள். குழந்தை வாயைத் திறந்து அழுகிறது, முகம் சிவக்கிறது, கண்ணீர் வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. சத்தமில்லாமல் அழுகிற குழந்தையை அதுவரை நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கியது, ஈரல் பெருத்திருந்தது. நான் நிமோனியா என்று எழுதிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த மூத்த நர்ஸ் ஒரு பர்மியப் பெண்மணி, என் பேனாவை மெதுவாகப் பிடித்து நிறுத்திவிட்டுத் தாயிடம் கேட்டார்: "என்ன சாப்பிடுகிறாய்?"

பத்தியம். பிரசவமானதிலிருந்து வெள்ளைச் சோறும் சுட்ட கருவாடும் மிளகும் உப்பும். பயறு வாயு, கீரை சீதளம், கறி சூடு, எல்லாம் தள்ளி. தாயின் உடம்பில் பி-1 வைட்டமின் இல்லை, பாலிலும் இல்லை. பெரிபெரி. அந்த பி-1 சத்தான தயமினை ஊசியாகப் போட்டோம். மதியம் போட்டது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தக் குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. வராந்தாவில் நின்றிருந்த மாமியார் அந்தச் சத்தத்தைக் கேட்டு அழுதார்.

இதில் எனக்கு ஆறாத ஆதங்கம் ஒன்று. 1905இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர் பாதிப் பேருக்குப் பச்சரிசிச் சோறும் பாதிப் பேருக்கு இந்தியப் புழுங்கலரிசிச் சோறும் போட்டுப் பார்த்தார். பச்சரிசிக்காரர்களுக்கு பெரிபெரி வந்தது, புழுங்கலரிசிக்காரர்கள் தப்பினார்கள். மலாயாவில் தமிழ்த் தொழிலாளிகளுக்கு அந்த நோய் அரிதாக இருந்ததன் காரணமும் புழுங்கலரிசிதான். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறிய என் தாத்தா புழுங்கலரிசிதான் சாப்பிட்டார். நாங்கள் இந்த ஊர் வெள்ளை அரிசிக்குப் பழகிவிட்டோம். அரிசியை மாற்றிக்கொண்டோம், பத்தியத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம். பிள்ளை பெற்றவளுக்குப் பயறு கொடுங்கள் என்று நான் சொன்னால் "நாங்கள் எல்லாம் பிழைக்கவில்லையா?" என்பார்கள் பாட்டிமார். பிழைத்தவர்கள்தானே வந்து பேச முடியும்.

விரதத்தைப் பற்றியும் ஒன்று. தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு ஒரு வேளை உணவோடு இருப்பவர்களில் சர்க்கரைக்காரர்கள் நிறையப் பேர். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். என்னிடம் வருவதை நிறுத்திவிட்டு விரதம் இருந்தார்கள். இப்போது காப்புக் கட்டுவதற்கு முன் வாருங்கள் என்கிறேன். வயதானவர்களுக்குக் கிளிபென்கிளமைடை நான் எழுதுவதே இல்லை. மற்றவர்களுக்கு விரதம் முடியும் வரை அந்த வகை மாத்திரையை நிறுத்தியோ குறைத்தோ கொடுக்கிறேன். மடியில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று முடிந்துகொள்ளச் சொல்கிறேன். வியர்த்துக் கை நடுங்கினால் வாயில் போட வேண்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பதற்கு நான் பொறுப்பு என்றும் சொல்லிவிடுவேன். இன்சுலின் போடுகிறவர்களுக்கு மின்வெட்டுதான் பிரச்சினை. பிரிக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். மின்சாரம் வருவதும் போவதும் யாருக்கும் தெரியாத ஊரில் அது நடக்கிற காரியமா? அதனால் ஒரு குப்பிக்கு மேல் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள் என்கிறேன். பிரித்த குப்பி சூடில்லாத இடத்தில் நான்கு வாரம் தாங்கும். ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறேன். ஒரு வீட்டில் அந்தப் பானைக்குப் பூ வைத்திருந்தார்கள்.

என் நோயாளிகளில் பாதிப் பேர் மாடியில் இருக்கிறார்கள். ரங்கூன் பழைய கட்டிடங்கள் ஆறு, ஏழு மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தெருவரை தொங்கும், நுனியில் ஒரு கிளிப். பேப்பர், காய்கறி, டீ எல்லாம் அதில்தான் மேலே போகும். முட்டி தேய்ந்த கிழவர்கள் வருடக்கணக்கில் தெருவுக்கே இறங்காமல் இருப்பதும் உண்டு. அவர்களைப் பார்க்கப் போகும்போது நான் கீழே நின்று கயிற்றை இரண்டு முறை இழுப்பேன். மேலே மணி அடிக்கும். முதலில் மாத்திரைப் பை கயிற்றில் இறங்கி வரும். கீழேயே நின்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறுவேன். அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது நான்காவது மாடி வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும், மூச்சு வாங்கிக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். எனக்கும் அறுபது ஆகப்போகிறது.

திங்ஜானுக்கு இன்னும் மூன்று வாரம். இன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாகக் கட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் உதவிப் பெண் மருந்தின் பெயரைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதி ஒட்டினாள். பெரியம்மா கடைசியாக வந்தார். தாம்பாளத்தில் பையைக் கவிழ்த்தார்: மெட்ஃபார்மின், தைலம், திருநீறு. அதோடு ஒரு புதுப் பொட்டலம், பெயர் இல்லாதது.

நான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

"பயப்படாதே" என்றார். "அது உனக்கு. இட்டிலிப் பொடி."